நன்மை தீமையை ஈடுசெய்யுமா?

பொதுவாழ்வில் ஒருவர் பல பதவிகளை ஒருங்கே வகிக்கும்போது, ஒன்றில் அவர் ஆற்றிய நன்மையைக் கொண்டு மற்றொன்றில் அவரைச் சாரும் பழியைக் கழித்துவிட முற்படுதல் மக்களின் இயல்பு. வணிகரின் கணக்கேட்டைப் போல மனிதரின் செயல்களையும் கூட்டிக் கழித்தல் அறமாகுமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது. இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பும் வாழ்வுகளுள் ஒன்று காமினி திசாநாயக்காவினுடையது.

1977இல் அமைந்த ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கத்தில் மகாவலி அபிவிருத்திக்குப் பொறுப்பான அமைச்சராக விளங்கிய அவர், 1980களில் கிரிக்கெற் கட்டுப்பாட்டுச் சபையின் தலைவராகவும் இருந்தார். 30 ஆண்டுகளுக்கெனத் தீட்டப்பெற்ற மகாவலித் திட்டத்தை ஏறத்தாழ 6 ஆண்டுகளுள் முடிக்க முனைந்த அதே வேகத்தோடு, இலங்கைக்கு டெஸ்ற் அந்தஸ்துப் பெறுதற்கும் அவர் முன்னின்றுழைத்தார். 1981 யூலையில் இலண்டனிற் கூடிய சர்வதேச கிரிக்கெற் மாநாடு இலங்கையை முழு அங்கத்துவ நாடாக ஏற்றது. 1982 பெப்ருவரி 17இல் கொழும்பில் இங்கிலாந்துக்கு எதிரான முதலாவது டெஸ்ற் போட்டி தொடங்கியது. இப்பேற்றின் பயன் ஓரினத்தாரோடு நின்றுவிடவில்லை. பின்னாளில் 800 டெஸ்ற் விக்கெற்றுகளை வீழ்த்திய முத்தையா முரளிதரனுக்குக் களம் அமைத்ததும் அதுவே.

ஆயின், அம்மாநாட்டுக்கு ஏறத்தாழ ஏழு வாரங்களின் முன்னர் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து சாம்பலாயிற்று. 1981 யூன் 4இல் நடைபெறவிருந்த மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலையொட்டி, அமைச்சர்களான சிறில் மத்தியூவும் காமினி திசாநாயக்காவும் அந்நகருக்கு வந்திருந்தனர். அவர்கள் அங்கிருந்த நாட்களிலேயே பொலிசார் கட்டுமீறி வன்செயலில் இறங்கினர். ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் தீக்கிரையாயின. 1991இல், கட்சிக்குள் தமக்கெதிராகக் கிளர்ந்திருந்த காமினி திசாநாயக்காமீது இப்பழியைச் சனாதிபதி பிறேமதாசா பகிரங்கமாகச் சுமத்தினார். அரசியற் பகைவரின் கூற்று நீதிமன்றத் தீர்ப்பாகாது. எனினும், நூலகத்தை எரித்தமைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை என்பதும் உண்மை.

ஒருவரின் குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, அவற்றுள் எது மிகுதியோ அதுகொண்டு அவரைத் துணிக என்பது வள்ளுவர் கருத்தன்றோ எனச் சிலர் வினவலாம். அக்கருத்துத் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில் இடம்பெறுவது நோக்கத்தக்கது. வினைக்குரியாரைத் தேர்ந்துகொள்ளும் அரசனுக்கு அது வழிகாட்டுகின்றது. இழைக்கப்பட்ட தீங்குக்கு யார் பொறுப்பு என ஆராய்வோருக்கு அது அளவுகோலாகாது. குற்றமே இல்லாத மனிதர் கிடையார் ஆதலின், பணிக்கு ஆள் தேடுவோர் மிகுதியை நோக்குதல் தகும். நீதியை நாடுவோரோ ஒவ்வொரு செயலையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

மேலும், கடன் கொடுத்தவர் ஒருவராயிருக்க வேறொருவருக்குப் பணம் செலுத்திவிட்டுக் கடன் தீர்ந்தது என்பாரை எவரும் ஏற்பதில்லை. நூலகத்தை இழந்தவர் ஒரு சாரார். டெஸ்ற் அந்தஸ்தால் மகிழ்ந்தவர் நாட்டினர் அனைவரும். பின்னவரின் கைதட்டல் முன்னவரின் இழப்பை ஈடுசெய்யாது. மன்னிக்கும் உரிமையும் இழந்தவர்க்கே உரியது. மறுதலையாக, பழியைக் காட்டி நன்மையை மறைத்தலும் நேர்மையன்று. இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கவேண்டியவை.

இரு பதவிகளிலும் இயங்கியது ஒரே செல்வாக்கு என்பதையும் மறத்தலாகாது. இலண்டன் வரை சென்று ஒரு நாட்டின் உரிமையை வென்றெடுக்கவல்ல அமைச்சருக்குத் தாம் தங்கியிருந்த நகரில் சீருடையினரைத் தடுத்து நிறுத்தும் வல்லமை இருந்ததா என்னும் கேள்வி தானே எழுகின்றது. தீயிடுமாறு ஏவினாரா என்பது ஒரு வினா; தடுக்கக்கூடியவர் தடுத்தாரா என்பது மற்றொன்று. முன்னதற்குச் சான்று வேண்டும். பின்னதற்கு, அதிகாரம் தாங்கியவர் தாமே விடையிறுக்கக் கடமைப்பட்டவர். ஆற்றல் பெருகப் பெருகப் பொறுப்பும் பெருகும். விளையாட்டுத் துறையிற் பெற்ற புகழ் அப்பொறுப்பை உறுதிப்படுத்துமேயன்றிக் குறைக்காது.

1994 ஒக்டோபர் 24இல், சனாதிபதி வேட்பாளராக நின்ற காமினி திசாநாயக்கா, கொழும்பு தொட்டலங்கவில் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் மாண்டார். அவரோடு 50 பேருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இதனைக் கணக்குத் தீர்ந்ததாகக் கொள்வோர், கூட்டிக் கழிப்போர் செய்த அதே தவற்றை வேறு வழியிற் செய்கின்றனர். அந்த 50 பேரும் எவருக்கும் எதுவும் கடன்பட்டிலர். விசாரணையில் விடையிறுக்க வேண்டியவரின் வாயைக் கொலை என்றென்றைக்கும் அடைத்துவிட்டது. எரிந்த ஏடுகளுள் ஒன்றுகூட அதனால் மீளவில்லை.

ஆதலின், பொதுவாழ்வினரைப் பற்றி வரலாறு எழுதுவோர் மொத்தத்தில் நல்லவர், மொத்தத்தில் தீயவர் என முடிவு கூற விரைதல் வேண்டியதில்லை. கிடைத்த நன்மைக்கு நன்றி கூறலாம். கேட்கவேண்டிய கேள்வியையும் கேட்கலாம். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்குமாறு அறம் எவரையும் பணிப்பதில்லை.