பொய்ப்பெயரும் அமானிதமும்

பொய்யுரையாமையை நம் குழந்தைகளுக்கு முதற்பாடமாகப் புகட்டுகிறோம். அவ்வாறே வளர்ந்த ஒரு பெண் பொய்ப்பெயர் பூண்டு ஒற்றறியலாமா?

சூஃபி ஞானி ஹஸ்ரத் இனாயத் கானின் திருமகள் நூர், இருமுகம் காட்டுவது தமக்கு ஒவ்வாது என்று பயிற்சியின்போதே சொன்னவர். 1943 ஜூனில், நாஜிகள் பிடியிலிருந்த பிரான்சில் பொய்ப்பெயருடன் இறங்கினார். பாரிஸிலிருந்து கம்பியில்லாத் தந்தியில் இலண்டனுக்கு இரகசியச் செய்திகள் அனுப்பினார். தோழர்கள் அடுத்தடுத்துச் சிறைப்பட, திரும்பிவர வாய்ப்பிருந்தும் மறுத்தார். அக்டோபரில் பிடிபட்டார். விலங்கிட்டு வதைத்தும் எவரையும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. 1944 செப்டம்பர் 13இல் டாக்கௌ முகாமில் கொல்லப்பட்டார்.

போரில் சூழ்ச்சிக்கு மார்க்கம் இடமளித்துள்ளது. நம்பியவருக்குத் துரோகம் இழைக்க இடமளிக்கவில்லை. தன்னலத்துக்காக உரைப்பதே பொய். பிறர் உயிர்காக்கத் தம் பெயரை மறைத்தவர், அமானிதம் காத்தவர் என்றே நாம் கொள்கிறோம்.