பொதுச் சுகாதார மொழியின் அறம்

பொதுச் சுகாதார சேவையின் மொழிக்கு இரண்டு கடமைகள் உண்டு. உரியவருக்குச் செய்தி விளங்க வேண்டும். உதவி தேடி வரும் எவரையும் அது வாசலில் நிறுத்திவிடக் கூடாது. பெரும்பாலும் இவ்விரண்டும் சேர்ந்தே நிறைவேறுகின்றன. ஒன்றோடொன்று மோதும்போது அறக்கேள்வி எழுகிறது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் மகப்பேற்று மொழி குறித்து எழுந்த விவாதம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

கருவுற்று வருவோரில் திருநம்பிகளும், ஆண், பெண் என்ற இரு வகைக்குள் தம்மை அடக்காதவர்களும் உண்டு. அவர்களையும் கருத்தில் கொண்டு பிரைட்டன் நகர மருத்துவமனை நிர்வாகம் 2021 பிப்ரவரியில் ஒரு சொல்முறையை அறிவித்தது. அதன்படி 'பெண்கள்' என்ற சொல்லை அடுத்து 'மகப்பேறு அடைவோர்' என்ற பொருள் தரும் சொல்லும் இடம்பெற்றது. பழைய சொல் நீக்கப்படவில்லை. தனி ஒருவரிடம் பேசும்போது அவர் விரும்பும் சொல்லையே ஆள வேண்டும் என்பதும் அதில் அடங்கும். ஆயினும் 'தாய்' என்ற சொல்லுக்கே தடை வந்துவிட்டதுபோலச் செய்தி பரவியது. 2022-இல் தேசிய சுகாதார சேவையின் இணையப் பக்கங்களில் நடந்தது வேறு. சூலகம், கருப்பை போன்ற உறுப்புகளின் புற்றுநோய் பற்றிய அறிமுக விளக்கங்களிலிருந்து 'பெண்கள்' என்ற சொல் எடுக்கப்பட்டது. முதலாவது சேர்த்தல், இரண்டாவது நீக்கல். இரண்டையும் ஒன்றாகக் கருதியதே விவாதத்தில் பெருங்குழப்பத்தை விளைவித்தது.

சேர்த்தலை ஆதரிப்போரின் வாதத்துக்குத் தத்துவ அடிப்படை உண்டு. ஒருவரை அவராக ஏற்க மறுப்பதே அவருக்கு இழைக்கும் தீங்கு என்று கனடிய மெய்யியலாளர் சார்ல்ஸ் டெய்லர் 1992-இல் வெளியான கட்டுரையில் வாதிட்டார். பேசுவதும் ஒரு செயலே என்று மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் அவருக்கு முன்பே விளக்கியிருந்தார். இவ்வழியில் பார்த்தால், மருத்துவமனையின் அறிவிப்பு தகவலைத் தருவதோடு, உள்ளே வர உரிமையுள்ளவர் யார் என்பதையும் அறிவிக்கிறது.

எதிர்வாதமும் அறத்திலிருந்தே பிறக்கிறது. ஆங்கிலத்தில் தேர்ச்சி குறைந்தவர்களும், உடலுறுப்புகளின் பெயரை அறியாதவர்களும் 'பெண்கள்' என்ற சொல்லைக் கண்டால்தான் செய்தி தமக்கானது என்று உணர்வார்கள். மேலும், மனிதரை உறுப்பால் குறிப்பது அவரைச் சிறுமைப்படுத்துகிறது. 2021 செப்டம்பரில் 'லான்செட்' மருத்துவ இதழ் பெண்களை உறுப்பின் பெயரால் சுட்டும் தொடரை அட்டையில் வெளியிட்டது; கடும் எதிர்ப்புக்குப் பின் அதன் ஆசிரியர் வருத்தம் தெரிவித்தார். மகப்பேற்றில் பெண்கள் பட்ட புறக்கணிப்பின் வரலாற்றைச் சொல்லவும் 'பெண்' என்ற சொல் தேவை.

சொல்லை மாற்றினால் மட்டும் சேவை கிடைத்துவிடாது என்பதையும் கருத வேண்டும். இங்கிலாந்தில் கருப்பை வாய்ப் பரிசோதனைக்கான அழைப்பு, நெடுங்காலம் மருத்துவப் பதிவேட்டில் உள்ள பாலினத்தைப் பார்த்தே தானாக அனுப்பப்பட்டது. ஆண் எனப் பதிந்த திருநம்பிக்குக் கருப்பை வாய் இருந்தும் அழைப்பு போகவில்லை. அறிவிப்பு எவ்வளவு கனிவாக எழுதப்பட்டிருந்தாலும், பதிவேடு திருந்தாமல் அந்தக் குறை தீராது.

இரு தரப்பும் காக்க விரும்புவது ஒன்றே: நோயாளியின் மதிப்பு. எண்ணிக்கையில் சிறியவர்கள் என்பதற்காக எவரையும் விட்டுவிடுவது நீதியன்று. அவர்களுக்கு இடமளிக்கப் பெரும்பான்மையோரின் பெயரை அழிப்பதும் நீதியன்று. ஊர் முழுமைக்குமான அறிவிப்பில் 'பெண்கள்' என்ற பழகிய சொல் நிற்க, அதன் அருகில் மற்றவர்களையும் பெயர் சொல்லி அழைக்கலாம். மருத்துவரும் நோயாளியும் நேரில் பேசும் அறையில், நோயாளி தமக்கு எந்தச் சொல்லைத் தேர்கிறாரோ அதுவே சரியான சொல்.