பூட்டிய வண்டியும் ஆலையின் வாசலும்



அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஓக்லஹோமா மாகாணத்து வாலியண்ட் என்னும் ஊரில் ஒரு காகித ஆலை உண்டு. 2002-ம் ஆண்டு அக்டோபரில் ஆலையார் போதைப்பொருள் தேடி, தொழிலாளர் வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் நாய்களைக்கொண்டு சோதனை போட்டார்கள். அகப்பட்டவையோ துப்பாக்கிகள். ஆலையின் விதி அவற்றைத் தடுத்திருந்தபடியால் சொந்தக்காரர் வேலையிழந்தார்கள். வேட்டை வழக்கமுள்ள நாட்டுப்புறம் அது, பெருங்கூச்சல் எழும்பிற்று. பூட்டிய வண்டிக்குள் துப்பாக்கி இருப்பதை எந்த முதலாளியும் தடுக்கலாகாது என்று 2004-ல் மாகாண சட்டசபை சட்டமியற்றியது. முதலாளிகள் வழக்காடினார்கள். 2007-ல் கீழ்க்கோர்ட்டு சட்டத்தை நிறுத்திவைத்தது; 2009-ல் மேல்கோர்ட்டு அதற்கு உயிர் கொடுத்தது. இன்று இருபதுக்கு மேற்பட்ட மாகாணங்களில் இவ்வகைச் சட்டம் உண்டு.

லைசென்சு இல்லாமல் துப்பாக்கியைத் தொடமுடியாத நமக்கு இதில் என்ன என்பீர்கள். இரண்டு நியாயங்கள் மோதினால் மனச்சாட்சி எப்படித் தீர்ப்பது என்பது எல்லா ஊருக்கும் உள்ள கேள்விதான்.

நிலம் என்னுடையது என்கிறான் முதலாளி. 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் தொழிலாளரைக் குறித்து எழுதிய நிருபத்தில் சொத்துரிமையை ஆதரித்தார். அதிலேயே, தொழிலாளியை அடிமைபோல் நடத்தலாகாதென்றும் போதித்தார். உயிரைக் காக்கவேண்டும் என்கிறான் தொழிலாளி. அதற்காக அளவான பலத்தை உபயோகிப்பது பாவமல்ல, அளவு மிஞ்சினால் பாவம் என்பது அர்ச். தோமாஸ் அக்குவினாஸின் போதனை.

இங்கே ஒன்றைப் பகுத்தறிய வேண்டும். உயிரைக் காக்கும் உரிமை சுபாவத்தால் வந்தது. துப்பாக்கி வைக்கும் உரிமையோ அந்நாட்டு அரசியல் சட்டத்தில் 1791-ல் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தத்தால் வந்தது; அது அரசாங்கத்தின் கையைக் கட்டுமேயன்றி தனி முதலாளியின் கையைக் கட்டாது. ஆகையால் தன் எல்லைக்குள் துப்பாக்கி வேண்டாம் என்று எஜமான் சொல்வது தன்னிலே அநியாயமல்ல. வேலை போன கோபத்தில் ஒருவன் பத்தடி நடந்து வண்டியைத் திறந்தால் என்ன ஆகும் என்ற பயமும் வீண் பயமல்ல.

ஆனால் முதலாளிமார் எளிதில் மறப்பது ஒன்றுண்டு. கொடிய புருஷனுக்குத் தப்பி வாழும் ஒருத்தி, இரவு வேலை முடிந்து இருபது மைல் தனியே வண்டியோட்டிப் போகிறாள் என்று வையுங்கள். ஆலையில் துப்பாக்கி இருக்கலாகாதென்றால், வரும் வழியிலும் போகும் வழியிலும் அவளிடம் அது இருக்கமுடியாது. எஜமானின் அதிகாரம் வேலியோடு நின்றுவிடுகிறது. அவனுடைய விதியின் விளைவோ அவள் வீடுமட்டும் கூடப் போகிறது. ஆயுதத்தை விட்டுவரச் சொல்லுகிறவன் அந்த உயிரின் பாரத்திலும் பங்கேற்கக் கடமைப்பட்டவன். வாசலில் காவலாளியிடம் ஒப்புவித்துத் திரும்பப் பெற ஒரு பூட்டுப்பெட்டி வைக்கட்டும். வண்டி நிறுத்துமிடத்தில் விளக்கும் காவலும் போடட்டும். பயந்து வந்து சொல்லுகிறவளின் முறைப்பாட்டை அன்றைக்கே கேட்கட்டும். பிழைப்பைப் பறிக்குமுன் ஒருதரமாவது எச்சரிக்கட்டும்.

இவற்றில் ஒன்றும் செய்யாமல் விதியை மாத்திரம் சுவரில் ஒட்டிவைக்கும் எஜமானுக்கு விரோதமாக ஓக்லஹோமா சட்டசபை செய்ததை நான் குறைகூறமாட்டேன். எல்லாம் செய்கிற எஜமானையும் அதே சட்டம் கட்டிப்போடுகிறதே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.