நடுப்பகல் தனிமை

கூட்டத்தில் சோர்ந்து, தனித்திருந்தால் தேறும் இயல்பினர் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் நாளின் நடுவே விலகி அமர்வது தன்னலமா என்ற கேள்விக்குப் பௌத்தம் நேராகவே பதில் சொல்கிறது. கோலார் தங்கவயலில் அப்பதிலுக்குத் தனி எடை உண்டு. 1880களிலிருந்து அங்கே சுரங்க வேலைக்கு வந்த தமிழரில் பலர் சிந்தனையாளர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த இயக்கத்தில் சேர்ந்தனர். தங்கவயலின் மாரிக்குப்பத்தில் அந்த இயக்கத்தின் சங்கக் கிளை இயங்கியது. 1914இல் அயோத்திதாசர் மறைந்தார். 1920களில் ஜி. அப்பாத்துரையார் அவரது ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்து நடத்தினார்.

பாலி சூத்திரங்களில் புத்தரின் நாள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் செல்கிறது: காலையில் பிச்சை, உச்சிப்பொழுதுக்குள் உணவு, பிறகு மரத்தடியில் தனித்த அமர்வு, மாலையில் எழுந்துவந்து மக்களைச் சந்திப்பது. வைசாலியில் இருந்தபோது அந்த மரத்தடி மகாவனத்தில் அமைந்தது.

தனித்து வாழ்பவர் யார் என்று மிகஜாலர் என்ற பிக்கு ஒருமுறை கேட்டார். வேட்கையைத் துணையாகக் கொண்டவர் காட்டிலிருந்தாலும் துணையோடுதான் இருக்கிறார். அதை விட்டவர் ஊரருகே அரசரும் அமைச்சரும் சூழ இருந்தாலும் தனித்தவரே என்றார் புத்தர். சுரங்கத் தொழிலாளரின் லைன் வீட்டு ஒற்றை அறையில் குடும்பமே வாழ, இரவு ஷிப்டு முடித்தவர் பிள்ளைகளின் சத்தத்துக்கிடையே பகலில் உறங்க வேண்டியிருந்த ஊருக்கு இது பெரிய ஆறுதல். சாம்பியன் ரீப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினாலும் வெக்கையும் இரைச்சலும்தான் இருந்தன.

ஆனால் இதை மட்டும் எடுத்துக்கொண்டு, மனம் அடங்கினால் போதும், இடம் எதற்கு என்று உழைப்பவரிடம் சொல்வது அநீதி. ஆசை அற்றவர் இன்னும் ஏன் காட்டை நாடுகிறார் என்ற ஐயத்துக்குப் பயபேரவ சூத்திரத்தில் புத்தர் இரண்டு காரணம் கூறுகிறார்: இம்மையிலேயே இனிது இருத்தல், பின்வருவோர் மீது கருணை. விடுதலை பெற்றவரே மரநிழலுக்குப் போனார் என்றால், களைத்தவர் அதைக் கேட்பதில் குற்றம் ஏது?

எல்லாத் தனிமையும் தேற்றுவதில்லை என்பதும் சூத்திரங்களிலேயே உண்டு. பொறு என்ற புத்தரின் சொல்லைக் கேளாமல் மாந்தோப்புக்குப் போன மேகியர் என்ற பிக்குவைத் தீய எண்ணங்களே சூழ்ந்தன. திரும்பி வந்தவரிடம் புத்தர் முதலில் வலியுறுத்தியது நல்ல நட்பை.

இல்லறத்தாருக்கு உபோசதம் என்னும் நோன்பு நாட்கள் உள்ளன. முழுநிலா நாள் போன்ற அந்நாட்களில் எட்டுச் சீலம் ஏற்போர் நண்பகலுக்குப் பின் உண்பதில்லை. ஆடல் பாடலையும் தவிர்க்கின்றனர். வேலையையும் குடும்பத்தையும் துறக்காமலே ஒரு பகலின் அமைதி அவர்களுக்குக் கிடைக்கிறது.