கொல்லியை மருந்தென்னலாமோ?

பயிரைத் தின்னும் பூச்சிகளை அழிக்கத் தெளிக்கும் நஞ்சினை நூல்கள் 'பூச்சிக்கொல்லி' என்கின்றன. ஊர்வழக்கோ 'பூச்சி மருந்து' என்கிறது. நோய் நீக்கி உயிர் காப்பதே மருந்து. எனினும், 'மருந்து குடித்து இறந்தார்' என்னும் செய்தியைக் கேட்கும்போது அதிலுள்ள முரண் நம் செவியில் உறைப்பதில்லை. மருந்தென்று பழகிய கை, தெளிக்கும்போது மூக்கை மூடவும் மறக்கிறது.

'பூச்சிக்கொல்லி' என்பதேனும் முழு உண்மையா? 'கொல்லி' தன் செயலை மறைக்காத சொல். ஆயின் 'பூச்சி' என்னும் அடை, நஞ்சு பூச்சியோடு நின்றுவிடும் என்னும் நம்பிக்கையை ஊட்டுகிறது. பயிரை அரிக்கும் புழுவோடு, அதனைத் தின்னும் சிலந்தியும், மகரந்தம் சேர்க்கும் தேனீயும் மடிகின்றன. அமெரிக்க அறிவியலாளர் ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' என்னும் நூலில், இவற்றை 'உயிர்க்கொல்லிகள்' என்றே அழைத்தல் தகும் என்றார். கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மேல் வானிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்பானை, 2011-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை செய்தது. அதற்குள் அங்குள்ள மக்கள் பட்ட துயரம் யாவரும் அறிந்ததே.

'உழவில் உயிர்க்கேடு நேராதோ?' என்று கேட்கலாம். நேரும். தமிழ்ச் சமணருள் பலர் உழவரே. தொழிலின்கண் நேரும் கொலையையும், கருதிச் செய்யும் கொலையையும் நம் அறநூல்கள் வேறு பிரித்தன. ஏர்முனையில் மண்புழு மடிவது உழவனின் நோக்கமன்று. தெளிப்பதன் நோக்கமோ கொலையே. இல்லறத்தார் விலக்கத்தக்க வாணிகங்களுள் நஞ்சு விற்றலும் ஒன்றாக வைக்கப்பட்டமை இங்கு எண்ணத்தக்கது.

ஆயினும், கடன்பட்டு விதைத்தவனை மட்டும் குற்றவாளியாக்குதல் அறமாகாது. புழு அரித்த அவரைக்காயை உயிர்க்கொலைக்கு அஞ்சி நாம் விலக்குகிறோம். புள்ளியற்ற காயைத் தேடி வாங்குகிறோம். அப்புள்ளியின்மைக்கு வயலில் எத்தனை உயிர்கள் விலையாயின என்று வினவுவதில்லை. கொலைக்கு அஞ்சிய நம் தேர்வே பெருங்கொலைக்கு ஊக்கமாகிறது. உண்பவரும் அவ்வினையில் பங்குடையவரே.

வேப்பங்கொட்டைக் கரைசல் போன்றவற்றைக் கொண்டு நஞ்சின் அளவைக் குறைக்கும் உழவர் உளர். அவர்தம் காய் சற்றே வடுப்பட்டிருப்பினும், உரிய விலை கொடுத்து வாங்குதல் நம் கடன். அதற்கு முற்பட, நம் இல்லங்களில் பெயரைத் திருத்துவோம். நஞ்சை நஞ்சென்றே சிறுவர்க்குச் சொல்லுவோம். மருந்தென்று சொல்லும்வரை எவ்வளவு தெளித்தாலும் மனம் உறுத்தாது. உயிர்க்கொல்லி என்று சொல்லின், தெளிக்கும் கையும் வாங்கும் கையும் ஒரு கணமேனும் தயங்கும். அத்தயக்கமே அகிம்சையின் தொடக்கம்.