பெரியார்கள் மனம் மாறிய இடம்



வலிமார்களின் சரித்திரத்தில் கராமத்துகளை விரிவாகப் பேசுகிறோம். அவர்கள் தம் முடிவை மாற்றிக்கொண்ட இடம் வந்தால் வேகமாகக் கடந்துவிடுகிறோம். சொன்னால் அதபுக் குறைவாகிவிடுமோ என்ற பயம்.

கீழக்கரையில் அடக்கமாகியிருக்கும் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் 1632இல் பிறந்த பெரும் ஆலிம். வள்ளல் சீதக்காதியின் உஸ்தாத். நபிகளாரின் வரலாற்றைத் தமிழில் காவியமாகப் பாட, அரபு நூல்களின் செய்திகளைக் கேட்டு உமறுப் புலவர் வந்தார். அவருடைய ஆடம்பரக் கோலத்தைப் பார்த்து அப்பா அவர்கள் முதலில் மறுத்துவிட்டார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லி வருகிறார்கள். பிறகு ஒரு கனவு கண்டு, உதவி கிடைக்க வழி செய்தார்களாம். 5,000க்கும் மேற்பட்ட பாடல்களோடு சீறாப்புராணம் நம் கைக்கு வந்தது.

எல்லோரும் கனவைத்தான் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது விழித்த பிறகு நடந்தது. மறுத்த வாயாலேயே சம்மதித்தார்களே!

இதைச் சொல்வது அதபுக் குறைவு அல்ல. கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) விஷயத்தில் இறங்கிய 'அபஸ' அத்தியாயத்தை நபி (ஸல்) அவர்கள் மறைக்கவில்லை. மக்களுக்கு ஓதிக் காட்டினார்கள்.

சில மாதங்களுக்கு முன், காதில் கடுக்கனோடு ஒரு வாலிபர் நம் பள்ளிக்கு ஜும்ஆவுக்கு வந்தார். கடைசி ஸஃப்பில் ஒருவர் அவரை அதட்டினார். மிம்பரில் இருந்த நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தொழுகைக்குப் பிறகாவது கூப்பிட்டுப் பேசியிருக்கலாம், பேசவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் கூட்டத்தில் இன்றும் அந்த முகத்தைத் தேடுகிறேன். அவரைத் தெரிந்தவர் இங்கே இருந்தால், இமாம் மன்னிப்புக் கேட்கிறார் என்று சொல்லுங்கள்.