கூடு விட்டுக் கூடு பாய்தல்: அனிமே பாத்திரத்தின் உயிர் எங்கே இருக்கிறது?

ஜப்பானில் உருவாகும் அசைவூட்டப் படங்களும் தொடர்களும் உலகெங்கும் 'அனிமே' என்ற பெயரால் அறியப்படுகின்றன. அவற்றுள் புகழ்பெற்றவை நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுக்கப்படும்போது அந்த வடிவத்தை 'லைவ் ஆக்‌ஷன்' என்கிறார்கள். இத்தகைய மறுவடிவம் வெளிவரும்போதெல்லாம் ரசிகர்களிடமிருந்து எழும் குற்றச்சாட்டு பெரும்பாலும் ஒன்றுதான்: முகம் இருக்கிறது, உடை இருக்கிறது, கதையும் இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை. இதை ரசனை சார்ந்த முணுமுணுப்பு என்று தள்ளிவிடுவது எளிது. ஆயினும் அந்தக் குற்றச்சாட்டை அதன் முழுக் கனத்தோடு எடுத்துக்கொண்டால், மெய்யியலின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று அதற்குள் அடங்கியிருப்பது புலப்படும். உடல் முற்றிலும் மாறிய பின்னும் ஒருவர் அவரே என்று எதைக் கொண்டு துணிவது? கோடுகளால் மட்டுமே ஆன ஓர் உருவம் சதையும் எலும்பும் கொண்ட உடலுக்குள் வரும்போது, அதனோடு கூடவே வர வேண்டியது எது?

இக்கேள்விக்கு இரண்டு விடைகள் உடனே கிடைக்கின்றன. வடிவமே பாத்திரம், எனவே கூந்தலின் நிறம் முதல் காட்சிக் கோணம் வரை அனைத்தையும் அப்படியே பெயர்த்தால் பாத்திரமும் வந்துவிடும் என்பது முதல் விடை. வடிவம் வெறும் கூடு, உள்ளே உறையும் சாரமே பாத்திரம், எனவே சாரத்தைக் கைப்பற்றிவிட்டால் எந்தக் கூட்டிலும் அதைக் குடியேற்றலாம் என்பது இரண்டாவது. சித்தர்களுக்குரியதாகச் சொல்லப்படும் கூடு விட்டுக் கூடு பாயும் ஆற்றலை இயக்குநர்களுக்கு வழங்கும் கொள்கை இது. இரண்டுமே போதாதவை என்பதை வேறெந்தப் படைப்பையும்விடத் தெளிவாகக் காட்டுவது, இக்கேள்வியையே தன் கதையாகக் கொண்ட 'கோஸ்ட் இன் தி ஷெல்' ஆகும்.

மசமுனே ஷிரோ 1989-இல் தொடங்கிய மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, அடிப்படையாகக் கொண்டு மமோரு ஓஷி 1995-இல் இயக்கிய அந்த அனிமே படத்தின் நாயகி மோட்டோகோ குசனாகி. 2029-ஆம் ஆண்டில் நிகழும் கதையில் அவளுடைய மூளையின் ஒரு பகுதி மட்டுமே மனித உறுப்பு. மற்றவை ஆலையில் செய்யப்பட்டவை. தன்னுணர்வைக் குறிக்க இக்கதை மாந்தர் 'கோஸ்ட்' என்ற சொல்லையும், உடலைக் குறிக்க 'ஷெல்' என்ற சொல்லையும் ஆள்கின்றனர். உடல் வேறு, உள்ளம் வேறு என்ற டெகார்ட்டின் கொள்கையைக் கண்டிக்க கில்பர்ட் ரைல் 1949-இல் ஆண்ட 'இயந்திரத்துக்குள் ஆவி' என்ற தொடர், ஆர்தர் கோஸ்லரின் 1967-ஆம் ஆண்டு நூலுக்குத் தலைப்பாகி, அதன் வழியே இந்தப் படைப்பின் பெயருக்கும் வந்து சேர்ந்தது.

படத்தில் ஒரு குப்பை வண்டித் தொழிலாளி வருகிறான். தனக்கு மனைவியும் மகளும் உண்டென்று உறுதியாக நம்பும் அவனிடம், அந்தக் குடும்பம் முழுவதும் அவன் நினைவில் வெளியிலிருந்து புகுத்தப்பட்ட பொய் என்று விசாரணையில் சொல்கிறார்கள். மகளின் படம் என்று அவன் பத்திரப்படுத்தியிருந்த புகைப்படத்தில் மகளே இல்லை; அவன்தான் இருக்கிறான். அடுத்து, வசனமே இல்லாமல் மூன்று நிமிடங்களுக்கும் மேலாக நீளும் ஒரு பகுதியில், மோட்டோகோ படகில் கால்வாய் வழியே நகரைக் கடக்கையில், மேலே ஒரு காபிக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தன்னுடைய முகத்தையே கொண்ட இன்னொரு பெண் அமர்ந்திருப்பதைக் காண்கிறாள். நினைவு பொய்யாகலாம், உடல் பலருக்குப் பொதுவாகலாம் என்றால் 'தான்' என்பதற்கு எஞ்சும் ஆதாரம் என்ன என்ற ஐயத்தைப் படம் எழுப்புகிறதே தவிர, அதை அவசரமாகத் தீர்த்து வைப்பதில்லை.

ரூபர்ட் சாண்டர்ஸ் இயக்கி, ஸ்கார்லெட் ஜொஹான்சன் நடித்து 2017-இல் வந்த லைவ் ஆக்‌ஷன் படம் முற்கூறிய இரண்டு விடைகளையும் ஒருங்கே கைக்கொண்டது. மாடியிலிருந்து பின்னோக்கி விழும் காட்சி, ஆழமற்ற நீர்ப்பரப்பில் நடக்கும் சண்டை, சிலந்தி வடிவப் போர் ஊர்தியோடு மோதும் இறுதிப் பகுதி ஆகியவற்றை மிகுந்த உழைப்போடு அது அப்படியே மறுபடி எடுத்தது. அதே வேளையில், மறைக்கப்பட்டிருந்த உண்மைப் பெயர், தேடிக் கண்டடையும் தாய், ஒரு கல்லறை என்று நாயகிக்கு ஐயமற்ற ஓர் அடையாளத்தையும் அது வழங்கிவிட்டது. நினைவுகளைவிடச் செயல்களே ஒருவரை வரையறுக்கின்றன என்று படத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டாலும், கதையின் இயக்கம் முழுவதும் களவுபோன நினைவை மீட்பதிலேயே நிற்கிறது. மூலப்படத்தில் அச்சத்தோடு எழுப்பப்பட்ட வினா இங்கே துப்பறிந்து முடிக்கத்தக்க ஒரு வழக்காகச் சுருங்கியது. காட்சிகள் வந்தன, ஐயம் வரவில்லை. ரசிகர்கள் 'உயிர் இல்லை' என்று சொன்னதன் பொருள் இதுவே.

இப்படத்தைச் சுற்றி எழுந்த இன்னொரு விவாதமும் இங்கே கருதத்தக்கது. ஜப்பானியப் பாத்திரத்துக்கு வெள்ளையின நடிகையைத் தேர்ந்தது தவறு என்று பலர் கண்டித்தபோது, மோட்டோகோவின் உடல் அவள் ஏற்றுக்கொண்ட செயற்கை உடலே என்பதால் ஆசிய நடிகைதான் நடிக்க வேண்டும் என்பதற்கு அடிப்படை இல்லை என்று ஓஷியே கூறினார். கதையின் தருக்கத்துக்குள் அது பொருந்தும் வாதமே. எனினும் திரையில் தோன்றும் உடல் கதைக்குள் மட்டும் வாழ்வதில்லை. யாருடைய முகம் நாயகமுகமாக ஏற்கப்படுகிறது, யாருடையது ஒதுக்கப்படுகிறது என்ற நீண்ட வரலாற்றுக்குள்ளும் அது வாழ்கிறது. ஜப்பானியப் பெண்ணின் மூளையை வெள்ளையின உடலுக்குள் வைத்ததாகவே கதையை அமைத்துவிட்டு, அந்த வன்முறையின் ஆழத்தைத் தொடாமல் கடந்து சென்ற படம், கூடு ஒரு பொருட்டே அல்ல என்ற கொள்கை எங்கே தடுமாறுகிறது என்பதைத் தன்னையறியாமல் காட்டிவிட்டது.

வடிவத்தை அப்படியே பெயர்ப்பது ஏன் உயிரைக் கொண்டுவருவதில்லை என்பதற்கு ஜப்பானியக் கலைமரபிலேயே ஒரு விளக்கம் உண்டு. புன்ராகு எனப்படும் பொம்மலாட்டத்துக்கு நாடகங்கள் எழுதிய சிக்கமட்சு மொன்சாயெமோன் (1653–1725), உண்மைக்கும் பொய்க்கும் இடையிலுள்ள மிக மெல்லிய இடைவெளியிலேயே கலை வாழ்கிறது என்று கருதியதை 1738-இல் வெளிவந்த 'நானிவா மியாகே' என்ற நூல் பதிவு செய்துள்ளது. அவர் காட்டிய சான்று, காதலனைச் சந்திக்க வழியற்ற ஓர் அரண்மனைப் பெண்ணின் கதை. அவள் அவனைப் போலவே ஒரு மரச்சிலையைச் செய்வித்தாள். தோலின் நிறம், மயிர்க்கால்கள், பற்களின் எண்ணிக்கை வரை எதிலும் வேறுபாடு இல்லாதபடி அது அமைந்தது. அவ்வளவு துல்லியமாக அமைந்ததாலேயே அவளுக்கு அதன்மேல் வெறுப்பு வந்து, காதலும் தணிந்தது. மனித உருவை நெருங்கிச் செல்லும் இயந்திரம் ஒரு கட்டத்தில் திடீரென அருவருப்பூட்டும் என்று மசாஹிரோ மோரி 1970-இல் முன்வைத்த, 'விசித்திரப் பள்ளத்தாக்கு' என்று அறியப்படும் கருத்து, ஏறக்குறைய அதே உண்மையை அறிவியலின் மொழியில் கூறியது. முகம் மறைத்தும் மறைக்காமலும் மூன்று கலைஞர்கள் மேடையிலேயே நின்று இயக்கும் புன்ராகு பொம்மையை, உள்ளத்துக்கு மிக நெருக்கமானவற்றுள் ஒன்றாக மோரி வைத்தது குறிப்பிடத்தக்கது.

அனிமேயின் உயிரும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. 1963 ஜனவரி 1 அன்று ஒளிபரப்பான ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரிலிருந்து, வினாடிக்கு 24 பிரேம்கள் ஓடும் படச்சுருளில் ஓர் ஓவியத்தையே மூன்று பிரேம்களுக்கு நிறுத்தி வைக்கும் சிக்கன முறை தொலைக்காட்சி அனிமேயில் வேரூன்றியது. பணமும் நேரமும் போதாததால் பிறந்த அம்முறை, அசையாத முகத்தின் முன் பார்வையாளரைக் காத்திருக்க வைத்து, அம்முகத்தில் இல்லாததை அவரே நிரப்பும்படி செய்தது. மோட்டோகோவின் கண்கள் மிக அரிதாகவே இமைக்கும்படி வரையப்பட்டுள்ளன. அந்த அசைவின்மையால் அவள் பொம்மையா மனுஷியா என்ற ஐயம் பார்ப்பவர் உள்ளத்தில் ஓயாமல் இயங்குகிறது. உயிருள்ள நடிகையின் முகத்திலோ மூச்சும் நரம்பும் ஏற்கெனவே துடித்துக்கொண்டிருப்பதால், அவளுக்கு உயிர் உண்டா என்ற கேள்வி எழும் முன்னரே விடை கிடைத்துவிடுகிறது.

உருவம் தானாக உயிர்பெறுவதில்லை, காண்பவரும் சேர்ந்தே அதற்கு உயிர் தருகின்றனர் என்ற எண்ணம் சமயச் சடங்கிலும் உண்டு. 752-இல் நாரா நகரின் தோதாய்ஜி கோயிலில் பெரும் புத்தர் சிலைக்கு இந்தியத் துறவி போதிசேனர் தூரிகையால் விழி தீட்டிக் கண் திறந்தார். அதன் பின்னரே அது வழிபாட்டுக்குரிய திருவுருவமாயிற்று. பழைய பொம்மைகளைக் குப்பையில் எறியாமல், கோயிலில் ஒப்படைத்து அவற்றுக்காக வழிபாடு செய்து விடைதரும் வழக்கமும் ஜப்பானில் இன்றுவரை நிலவுகிறது. நெடுங்காலம் அன்பு செலுத்தப்பட்ட பொருளை வெறும் பொருளாக எண்ணி ஒதுக்கக் கூடாது என்ற அறவுணர்வு அதில் தெளிவாகத் தெரிகிறது. பல ஆண்டுகள் கூடவே வந்த பாத்திரத்தை அலட்சியமாகக் கையாண்ட படத்தின்மீது ரசிகருக்கு எழும் சினத்துக்கும் அந்த உணர்வோடு உறவு உண்டு.

பௌத்தம் இதற்கு மேலும் நுட்பமான மொழியைத் தருகிறது. நிலையான ஆன்மா என ஒன்று இல்லை என்பது அதன் அனாத்மக் கொள்கை. மணிமேகலை ஐங்கந்தம் என்று வழங்கும் உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு ஆகிய ஐந்தின் சேர்க்கையையே உலகம் ஒருவர் என்று அழைக்கிறது. ஆன்மா இல்லையெனில் மறுபிறப்பு எதற்கு என்ற ஐயத்துக்கு, மிலிந்த மன்னனோடு நாகசேனர் நிகழ்த்திய உரையாடல் விளக்கை உவமையாக்கி விடை கூறும்: ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றும்போது முதல் சுடர் இடம்பெயர்வதில்லை, எனினும் அதனால்தான் இரண்டாவது எரிகிறது. அதுவும் அன்று, வேறும் அன்று. ஓஷியின் படமும் இங்கேதான் முடிகிறது. பப்பெட் மாஸ்டர் என்ற உடலற்ற அறிவோடு ஒன்றிய மோட்டோகோ, ஒரு சிறுமியின் உடலில் விழித்தெழும்போது, பழைய இருவரில் எவரும் தான் அல்ல என்கிறாள். ஆயினும் அவர்கள் இல்லாமல் அவள் இல்லை.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் பல மறுவடிவங்களின் வெற்றி தோல்விகள் விளங்கும். 1998-இல் வந்த 'கவ்பாய் பீபாப்' தொடரை நெட்ஃபிளிக்ஸ் 2021-இல் மறுபடி எடுத்தபோது, உடைகளும் தொடக்கக் காட்சியும் யோக்கோ கன்னோவின் இசையும்கூட வந்து சேர்ந்தன. ஆனால் மூலத்தில் பேசாமல் விடப்பட்ட துயரங்கள் ஓயாத பேச்சில் கரைந்தன. வெளியாகி ஒரு மாதம் ஆகும் முன்பே தொடர் நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. கெய்ஷி ஓத்தோமோ 2012-இல் இயக்கிய 'ருரோனி கென்ஷின்' இதற்கு எதிர்மாறானது. இனிக் கொல்வதில்லை என்று உறுதிபூண்டு, கூரிய விளிம்பு தன்பக்கம் திரும்பிய வாளை ஏந்தும் பழைய கொலையாளியின் கதை அது. தகேரு சாத்தோ தாழக் குனிந்து ஓடி, மண்ணில் சறுக்கி, மூச்சிரைக்கப் போரிடும்போது, கொல்லாமல் வெல்வது எவ்வளவு கடினம் என்பது உடலின் களைப்பாகவே காட்சியில் தெரிகிறது. ஓவியத்தால் தர முடியாத ஒன்றை உடல் தந்தது. அது தந்ததோ மூலத்தின் அறக்கேள்விக்குப் புதிய கனம்.

மேடையில் இது இன்னும் வெளிப்படை. 2003-இல் தொடங்கிய 'டென்னிஸ் நோ ஓஜிசாமா' இசைநாடகத்தில் பந்தே கிடையாது; அடிக்கும் ஒலியும் நகரும் ஒளிவட்டமும் பந்தாகின்றன. நடிகர்கள் தலைமுறை தலைமுறையாக விடைபெற, அதே பாத்திரங்களைப் புதியவர்கள் ஏற்கின்றனர். '2.5 பரிமாணம்' என்று ஜப்பானியர் பெயரிட்ட இவ்வகை நாடகத்தில், காண்பவர் நிரப்ப வேண்டிய இடைவெளி காக்கப்படுவதால், எந்த நடிகரும் பாத்திரத்தை முழுதாக உரிமை கொள்வதில்லை; எவர் வந்தாலும் பாத்திரம் தொடர்கிறது.

ஆகவே, மூலத்துக்கு உண்மையாக இருத்தல் என்பதை ஒத்த தோற்றத்தாலும் அளக்க முடியாது, கண்ணுக்குத் தெரியாத சாரம் ஒன்றாலும் அளக்க முடியாது. கோடு, குரல், மௌனம், வேகம், இசை, காண்பவரின் கவனம் ஆகிய பலவும் கூடியபோது தோன்றிய ஒன்று, வேறு காரணங்களின் கூட்டில் மறுபடி தோன்றுமா என்பதே உண்மையான வினா. அது தோன்ற வேண்டுமெனில், படைப்பவர் மூலம் எதைக் காட்டியது என்பதோடு எதைக் காட்டாமல் விட்டது என்பதையும் கற்றாக வேண்டும். ரசிகருக்கும் இதில் பங்குண்டு, ஏனெனில் பாத்திரத்தின் உயிருக்கு அவரும் ஒரு காரணம். அதே முகத்தைத் திருப்பித் தரும்படி கேட்பவருக்கு மரச்சிலையே கிடைக்கும்; அதே கேள்வியைத் திருப்பித் தரும்படி கேட்பவரே தாம் நேசித்த படைப்புக்கு நேர்மையாக நடந்துகொள்கிறார், அந்தக் கண்டிப்பிலிருந்து அவர் சிறிதும் இறங்க வேண்டியதில்லை.